ஐந்தருவியில் சாதகம்

விருப்ப ஓய்வு வாங்கியபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆலங்குளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கோப்பு பார்த்தது போதும், இனி பாடகியாக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருடம் முறையாகப் பாட்டுப் படித்தவள். ஆனால் இந்த வயதில் புதிதாக வந்து நிற்பவளுக்கு யார் கச்சேரி கொடுப்பார்கள்? வானொலியின் குரல் தேர்வில் தேறினால் கோயில் திருவிழாக்களில் கேட்டுப் பார்க்கலாம். மனுப் போட்டேன். வந்த கடிதத்தில் தேதியை இரண்டு தடவை பார்த்தேன். ஆடி முதல் வாரம், அருவிச் சீசன் உச்சத்தில் இருக்கும் நேரம்.

தென்காசியில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் வீடுகள் எல்லாம் லாட்ஜ். பத்து மாதம் நம்மை நினைக்காத சொந்தம்கூட ஃபோன் போட்டு, சுகமா என்று கேட்பதற்கு முன்னால் “தண்ணி விழுதா?” என்று கேட்கும். “விழுது, வாங்க” என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வருடம் நாத்தனார் தன் மகள், மருமகன், பேரப்பிள்ளைகளோடு மூன்று வாரத்துக்கு வந்து இறங்கினாள். கூடம் முழுக்கப் பாய், ஈரத் துண்டு, ஓயாத டிவி.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படியில் பாடினால் மிக்ஸி. மாடிக்குப் போனால் துணி காயப்போட ஆள் வரும். குளியலறையில் முதல் அடி எடுப்பதற்குள் கதவைத் தட்டுவார்கள்.

“மதினி, நீங்க பாட்டுக்குப் பாடுங்க. எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல” என்றாள் நாத்தனார், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டே. பற்றிக்கொண்டு வந்தது. சிரித்து வைத்தேன்.

வந்தவர்களை அருவிக்குக் கூட்டிப்போவதும் என் பொறுப்புதான். ஒருநாள் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நின்று, தண்ணீர் தலையில் அறையும்போது வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். ஒட்டி நின்றவளுக்கே கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. மறுநாளிலிருந்து “குளிக்கப் போவமா?” என்று காலையிலேயே நானே கிளப்பினேன். தினமும் அந்த இரைச்சலுக்குள் நின்று, தேர்வுக்கு வைத்திருந்த வர்ணத்தை முழுசாகப் பாடிச் சாதகம் செய்தேன். எத்தனை குளித்தாலும் அருவித் தண்ணீர் தொண்டையைப் பிடிக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. உண்மைதான், தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

வானொலி நிலையத்தின் தேர்வு அறையில் கதவை மூடியதும் என் மூச்சு எனக்கே கேட்டது. மின்விசிறி கூட இல்லை. ஆரம்பித்தேன். இரண்டு வரி பாடியிருப்பேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் தன்மையாகக் கேட்டது.

“அம்மா, இங்க சத்தமே இல்லையே. எதுக்கு இவ்வளவு கத்துதீங்க? மெதுவாப் பாடுங்க.”

மெதுவாகப் பாடினேன். குரல் நடுங்கியது. சுருதி நழுவியது. பிடிக்கப் போனால் இன்னும் நழுவியது. முடிவு தபாலில் வரும் என்றார்கள். எனக்குத் தபால் தேவைப்படவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரத்துத் தப்பா இது? மோட்டார், மிக்ஸி, டிவி என்று எதையாவது மீறித்தானே இத்தனை வருடமும் பாடியிருக்கிறேன். என் குரல் தனியாக எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அவமானமாக இருந்தது. ஆலங்குளத்தில் பஸ் நின்றபோது, பேசாமல் வேலையிலேயே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் இருந்தார்கள்.

“என்னாச்சு?” என்றார் கணவர்.

“தேறாது. அந்த டிவிய அமத்துங்க.”

“எதுக்கு?”

“நான் பாடணும்.”

“பாடேன். யாரு வேண்டாம்னா?”

“அமத்திட்டுப் பாடணும். தெனமும் ஒரு மணி நேரம். சீசன்னாலும் சரி, ஆள் வந்தாலும் சரி.”

அவர் என்னையே பார்த்தார். நாத்தனார்தான் தலையணைக்கு அடியில் துழாவி ரிமோட்டை எடுத்து டிவியை அமர்த்தினாள்.

அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. அடுப்படிக் குழாய் சொட்டுவது கூடம் வரை வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கீழே உட்கார்ந்து, மெதுவாக ஷட்ஜத்தைப் பிடித்தேன். நடுங்கியது. அது எல்லாருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்று அடுத்த ஸ்வரத்துக்குப் போனேன்.