சுண்ணாம்பு மூடிய புண்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தாராவியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்த்து, பிறகு அதே சந்தில் சொந்தப் பட்டறை போட்டவன். எண்பதுகளில் மாநகராட்சி சுகாதார அதிகாரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு விதியையே எழுத வைத்தேன் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

என் இடக்கைச் சுண்டுவிரலைத் தோல் புற்றுநோய் கொண்டுபோயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்தபோது பக்கத்துக் கட்டிலில், தாராவியை அடுத்த மாட்டுங்காக்காரர் ஒருவர், ஆபீஸ் வேலையில் ஓய்வு பெற்றவர், மூக்கில் பாதி இல்லாமல் கிடந்தார். எங்கள் இருவரையுமே மாநகராட்சி டிஸ்பென்சரியில் களிம்பு தடவித் தடவியே அனுப்பியிருந்தார்கள். நம் நிறத்துக்கு அந்த நோய் வராது என்று அங்கே ஒரு நினைப்பு. அவருக்கு இங்கிலீஷ் இருந்தது, எனக்கு வாய் இருந்தது. இரண்டையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சிக்கு நடையாய் நடந்தோம்.

விரலில்லாத கையை மேசைமேல் வைத்து என் பம்பாய் ஹிந்தியில் பேசினேன். ஆறாத புண்ணோடு யார் வந்தாலும் களிம்பு கொடுத்து அனுப்பக் கூடாது, சதை டெஸ்ட்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றேன். மாட்டுங்காக்காரர் அதையே இங்கிலீஷில் சொன்னார். எங்கள் வார்த்தை மாறாமல் உத்தரவானது. தாராவி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் ஆளாக என் மச்சினனைத்தான் டிஸ்பென்சரிக்கு அனுப்பினேன். என் பட்டறையில் அவனுக்குத் தொட்டி வேலை. முழங்காலுக்குக் கீழே பல மாதமாய் ஒரு புண். போனவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"ஆறுன புண்ணுக்கு எதுக்கு வந்தீருன்னு அனுப்பிட்டாவ மச்சான். நீங்க போட்ட ரூலு அப்படியாம்."

கைலியைத் தூக்கிக் காட்டினான். புண் இருந்த இடம் வெளுத்து, பளபளவென்று மூடியிருந்தது.

"சுண்ணாம்பு வச்சியால?"

"பின்னே? உங்க ரூலு வாறவரைக்கும் சும்மா இருக்கச் சொல்லுதீயளா?"

தொட்டி வேலைக்காரர்கள் புண்ணுக்கும் மருவுக்கும் தொட்டிச் சுண்ணாம்பைத்தான் அப்புவோம். தோலிலிருந்து மயிரையே கழற்றுகிற சரக்கு, புண்ணை விட்டுவைக்குமா என்பது எங்கள் கணக்கு. மேலே வெந்து மூடிக்கொள்ளும். என் விரல் புண்ணும் ஒருமுறை அப்படி மூடித்தான் மறுபடி வெடித்தது. எங்கள் சந்துக்கு வெளியே யாருக்கு இது தெரியும்?

மூடிய இடத்தை அழுத்திப் பார்த்தேன். அடியில் கல்லாய் இருந்தது.

மறுநாளே அவனை அதிகாரி முன் நிறுத்தி, மேலே மூடி அடியில் தடித்த புண்ணையும் அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வைத்தேன். அங்கிருந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. வரிசையில் காத்திருந்தபோது, அவன் கால் சர்க்கார் உத்தரவிலேயே ஏறிவிட்டது என்று அவனிடம் பெருமையடித்துக் கொண்டிருந்தேன்.

டாக்டர் காலை ஒரு தடவைதான் தொட்டார். பிறகு தொடையிடுக்கில் கை வைத்தார். அங்கே நெறி கட்டியிருந்ததை அவன் எங்களிடம் சொன்னதேயில்லை. என் விரலை எடுத்தபோது, நோய் பரவியிருக்கிறதா என்று என் அக்குளில் தேடியதும் இப்படி ஒரு நெறியைத்தான். வெகுநேரம் அமுக்கிப் பார்த்தார். மச்சினன் கூச்சத்தில் சிரித்தான். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, அவனுக்கு நான் என்ன உறவு என்று டாக்டர் கேட்டார்.