வெங்கடம்மாள் தெருவை அடக்கிய கதை

மத்திகிரிக்குக் கிழக்கே மூன்று மைலில் உள்ள ஒரு சிற்றூருக்கு வெங்கடம்மாள் பதினைந்து வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தாள். பிறந்த ஊரில் அவள் குரலுக்குப் பெரிய பேர். ஏரிக்கரையின் இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் மேயும் எருமை தலை திருப்பும். புகுந்த வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். முதல் மாதத்திலேயே அந்தக் குரல் தொண்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பட்டுப்புழு கூடு கட்டுவதற்குள் நான்கு முறை தோல் உரிக்கும். நாலாவது தோல்தான் கண்டம். ஒரு பகலும் ஓர் இரவும் மல்பெரித் தழையைத் தொடாமல், தலையைத் தூக்கியபடி அசையாமல் இருக்கும். அப்போது சத்தம் கேட்டால் புழு மிரண்டு பழைய தோலுக்குள்ளேயே செத்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்பினார்கள். ஆகவே நாலாம் தோல் வந்ததும் புழு வீட்டுக் கதவைச் சாத்துவார்கள். திறக்கும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. தெருவில் யாரும் உரத்துப் பேசக் கூடாது.

வீட்டுப் பொறுப்பு கைக்கு வந்தபின் வெங்கடம்மாள் இந்த வழக்கத்தை இன்னும் இறுக்கினாள். நாலாம் தோலன்று உரலுக்கு வேலையில்லை. மாட்டு வண்டிக்காரர்கள் சலங்கைக்குள் துணி அடைத்துக்கொண்டு கடப்பார்கள். தெருச் சேவல்களெல்லாம் முந்தின நாளே கூடையில் ஏறி மத்திகிரி உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடும். எதிர்வீட்டுக் கெம்பம்மா புருஷனோடு சண்டை பிடிப்பதைக் கைச்சாடையிலேயே வைத்துக்கொள்வாள். அந்தச் சண்டையைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆள் வரும்.

யுத்தக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம் ஒன்று ஊருக்கு வடக்கே புல் முளைத்துக் கிடந்தது. ஐம்பத்து நாலில் புல்லைச் சுரண்டினார்கள். அதன்பிறகு நாள்தோறும் இரண்டு விமானங்கள் ஓட்டுக்கூரையை உரசுவதுபோலப் பறந்தன. முதல் விமானத்தை வெங்கடம்மாள் முறத்தை ஆட்டித் துரத்தினாள். அது போனது; அடுத்தது வந்தது. அந்த வருஷம் ஒரு முறை புழு நோய் கண்டு செத்தபோது அந்தப் பழியும் விமானத்தின் தலையில்தான் விழுந்தது.

மறுவருஷம் நோட்டீஸ் வந்தது. ஓடுதளத்தை அரை மைல் நீட்டப் போகிறார்கள். வெங்கடம்மாளின் ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம் முழுதும் அதற்குள் போகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, அவள் வீட்டு வாசலில், அதிகாரி முன்பாக நேரில் சொல்ல வேண்டும்.

வெங்கடம்மாள் விரல்விட்டு எண்ணினாள். பன்னிரண்டாம் தேதி நாலாம் தோல்.

"தேதிய மாத்தச் சொல்லி எழுதிப் போடலாமா?" என்றான் அவள் புருஷன் நாராயணப்பன்.

"அவங்க மாத்த மாட்டாங்க. புழுவும் மாத்தாது."

பன்னிரண்டாம் தேதி சேலத்திலிருந்து ஜீப் வந்தது. ஊர் எல்லையிலேயே பெண்கள் மறித்து என்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு அதிகாரி உள்ளே உட்கார்ந்திருக்க, எட்டுப் பேர் ஜீப்பைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். தமக்கு மரியாதை செய்கிறார்களா, தம்மைக் கைது செய்கிறார்களா என்று அவருக்கு விளங்கவில்லை.

"ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம்" என்றார் அவர்.

வாசலில் கூடியிருந்த தெருக்காரர்கள் அறுபது பேரும் உதட்டில் விரலை வைத்தார்கள்.

"மெல்லகே சாமி, மெல்லகே" என்றாள் கெம்பம்மா.

பிறகு அறுபது பேரும் ஆட்சேபித்தார்கள், கிசுகிசுவென்று. கூட வந்திருந்த குமாஸ்தா முனிராஜ் பேனாவைத் திறந்தபடி காதை நீட்டி நீட்டிப் பார்த்தான்.

"சார், வாயெல்லாம் அசையுது. ஒண்ணும் கேக்கல. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கட்டுங்களா?"

வெங்கடம்மாள் கூட்டத்தை விலக்கினாள். நேரே போய் அதிகாரியின் காதோரம் குனிந்தாள்.

"தோட்டம் போனா தழ இல்ல சாமி. தழ இல்லன்னா புழு இல்ல. இதுக்கு மேல உங்க ஏரோப்ளேன் சத்தத்துல நாலாந்தோல் புழு செத்துப்போவுது."

"செத்ததை யார் பார்த்தது?" அவரும் தம்மை அறியாமல் கிசுகிசுத்தார்.

"யாரும் பாக்கல. அந்நேரம் உள்ள போவக் கூடாதே."

"பார்க்காததை நான் எப்படிம்மா எழுதறது? பதினொன்றரைக்கு ஒரு ப்ளேன் வரும். உள்ளே நின்னு பார்க்கறேன்."

இருபத்தெட்டு வருஷத்தில் நாலாம் தோலன்று திறக்காத கதவு அது. திறக்காவிட்டால் தோட்டம் போகும். அவரைக் கால் கழுவச் சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.

உள்ளே அரையிருட்டு. மூங்கில் தாங்கிகளில் இருபத்து நாலு தட்டுகள். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு தாங்கியின் கால்களும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. தட்டு நிறையப் புழுக்கள், ஆயிரக்கணக்கில், எல்லாம் தலை தூக்கியபடி. அதிகாரி நுனிக்காலில் நடந்து ஒரு தாங்கிக்குப் பக்கத்தில் நின்று மூச்சையும் அடக்கிக்கொண்டார்.

விமானம் வந்தது. ஓடுகள் கடகடத்தன. கிண்ணத்துத் தண்ணீர் நடுங்கியது. ஜீப்பில் வந்து பழகிய அதிகாரிக்கு இவ்வளவு தாழப் பறக்கும் என்று தெரியாது. துள்ளினார். தோள் தாங்கியில் இடித்தது. மூன்று தட்டுகள் சரிந்து, பாதி தரையிலும் பாதி அவர் மேலும் கவிழ்ந்தன.

வெங்கடம்மாள் மற்ற இருபத்தோரு தட்டுகளைப் பார்த்தாள். ஒரு புழுகூட அசையவில்லை. தூக்கிய தலை தூக்கியபடியே இருந்தது. நாடு கடத்திய சேவல்கள் அவள் நினைவுக்கு வந்தன. துணி அடைத்த சலங்கைகள் வந்தன. கடைசியாக, ஏரிக்கரை எருமை வந்தது.

அதிகாரியும் அந்தத் தட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் காலரில் ஒரு புழு.

"சத்தம் இதுங்கள ஒண்ணும் பண்ணலையேம்மா" என்றார்.

"ஆமா சாமி. அப்ப இந்த மூணு தட்டு எப்படிக் கவுந்துச்சுன்னு எழுதுவீங்க?"

அவர் கவிழ்ந்த தட்டுகளைப் பார்த்தார், தம் தோளைப் பார்த்தார். வாசலில் அறுபது பேர் காத்திருந்தார்கள். வெளியே வந்து முனிராஜிடம் கிசுகிசுத்தார்: "விமானம் கடந்த சமயம் ஏற்பட்ட அதிர்ச்சியில் மூன்று தட்டுகள் கவிழ்ந்ததை நேரில் கண்டேன்." அதிர்ச்சி யாருக்கு என்று முனிராஜ் கேட்கவில்லை. காலரிலிருந்த புழுவை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.

ஆறு மாதத்தில் உத்தரவு வந்தது. ஓடுதளம் எதிர்ப்பக்கம், பாறைக்காட்டை நோக்கி நீண்டது. தோட்டம் தப்பியது. விமானங்கள் பழையபடி கூரைக்கு மேலேதான் பறந்தன. உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்தது: புழு வளர்ப்புக் காலத்தில் அவ்வூரில் அமைதி காக்கப்படுகிறதா என்று வருஷந்தோறும் நேரில் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும்.

அந்த வேலை முனிராஜுக்கு விழுந்தது. வருஷா வருஷம் நாலாம் தோலன்று சைக்கிளை எல்லையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவான். வாசலில் உட்கார்ந்து சத்தம் கேட்கவில்லை என்பதை மணிக்கொரு தரம் எழுதிக்கொள்வான். புழுவுக்கு ஒன்றும் ஆகாது என்பதை வெங்கடம்மாள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தெரு பேசும். தெரு பேசினால் தோட்டம் போகும். சேவல்கள் மத்திகிரிக்குப் போய்க்கொண்டே இருந்தன.

ஐம்பத்தொன்பதில் ஒரு நாலாம் தோலன்று கெம்பம்மாவின் ஆடு தோட்டத்துக்குள் புகுந்து இளந்தழையில் வாய் வைத்தது. வெங்கடம்மாள் வாசலிலிருந்து பார்த்துவிட்டாள். பழைய குரல் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தாள். எதிரே முனிராஜ் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

வாயை மூடிக்கொண்டு முறத்தை எடுத்து ஆட்டினாள். ஆடு ஒரு தரம் தலை தூக்கிப் பார்த்தது. பிறகு அடுத்த செடிக்குப் போனது.