நகை எல்லாம் கழற்றியாச்சா?

அவள் கேட்டாள். கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னது பொய், மேடம்.

நீங்கள் பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் வாசிப்பு உங்களுக்கு மெதுவாகத்தான் வரும். மெதுவாகவே வாசியுங்கள், எனக்கு அவசரமில்லை. இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்துப் பெண்களுக்கு நான் வீட்டிலேயே த்ரெடிங், வாக்ஸிங் செய்துவந்தேன். தாடையில் முளைக்கும் முடியைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பிடுங்கினால் திரும்ப வரும். ஊசி வைத்து மின்சாரத்தில் வேரைச் சுட்டால் வராது. அதற்கு மெஷின் வேண்டும், மெஷினைத் தொடப் படிப்பு வேண்டும். ஆளந்தி ரோட்டில் ஒரு மொபைல் கடைக்கு மேலே உங்கள் வகுப்பு இருந்தது. சேர்ந்தேன்.

நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். இதை மறைக்க எனக்குக் காரணம் ஒன்றுமில்லை. முதல் வகுப்பில் மெஷினையே கண்ணில் காட்டவில்லை. பிளக்கை மட்டும் காட்டினீர்கள். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகிக்கொண்டு வந்தவளின் அடாப்டரைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டீர்கள். எர்த் இல்லாத இடத்தில் வேலை செய்யாதே என்றீர்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவளை வெளியே நிற்கவைத்தீர்கள். ஆன் செய்வதற்கு முன்னால் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு பூஜ்யத்தில் இருக்க வேண்டும், தோலிலிருந்து எடுப்பதற்கு முன்னாலும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். எந்த மெஷினானாலும் முதலில் சொந்தக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெஷினில் ஊதா நிறத்தில் எரியும் கண்ணாடிக் குழாயை என் முழங்கையில் வைத்தபோது ஜெராக்ஸ் கடை வாடை அடித்தது. கையை இழுத்துக்கொண்டேன். நீங்கள் திட்டினீர்கள். மறுபடி வைத்தேன். ஊசியை ஆரஞ்சுத் தோலில் குத்திக் குத்திப் பழகினோம். வீட்டில் ஓட்டை விழுந்த ஆரஞ்சாகத் தின்றோம்.

மெஷினைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை வாய்ப்பாடு மாதிரி வகுப்பே ஹிந்தியில் ஒப்பிக்கும். இதயத்தில் மெஷின் வைத்திருக்கிறதா? கர்ப்பமா? எலும்பில் கம்பியோ தகடோ இருக்கிறதா? வலிப்பு வருமா? கடைசிக் கேள்வி, ஜுவல்லரி எல்லாம் கழற்றியாச்சா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் நடந்தது.

எனக்கு ஜோடியாக ஒரு மராத்திப் பெண்ணைப் போட்டீர்கள். என்னைவிட ரொம்பச் சின்னவள். என்னைத் தாயி என்று கூப்பிடுவாள். மராத்தியில் அக்கா. நான் முதலில் அம்மா ஸ்தானத்தில் வைக்கிறாள் என்று நினைத்துக் கடுப்பானேன். அவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். மகர்பட்டாவில் ஒரு பெரிய சலூன் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மின்சார மெஷின் சர்டிஃபிகேட் இருந்தால் மட்டும். அந்தக் காகிதத்துக்காகத்தான் அவள் வந்தாள். ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு மாடல் கூட்டிவரச் சொன்னீர்கள். அவளுடைய மாடல் கடைசி நேரத்தில் வரவில்லை. அவளுக்காக நான் லோஹேகாவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். கணவர் ஏர்ஃபோர்ஸ், ஊர் வேலூர்ப் பக்கம். "கரண்ட்டாக்கா? ஷாக் அடிக்காதே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இலவச ஃபேஷியல் என்றதும் பயம் போய்விட்டது.

அன்றைக்குச் செய்தது கால்வானிக். முகத்தில் ஜெல்லைத் தடவி ஓர் உருளையை உருட்டுவோம். அது மின்சாரத்தின் ஒரு முனை. இன்னொரு முனை ஒரு பட்டை. ஈரப் பஞ்சில் சுற்றி மாடலின் தோளுக்குப் பின்னால் முதுகுக்கு அடியில் வைப்போம். கரண்ட் இரண்டுக்கும் நடுவில் ஓடும். பஞ்சு ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும். நடுவில் உலோகம் வந்தால் கரண்ட் அங்கேயே குவிந்து தோலை அரித்துவிடும். இதையும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

மற்ற மாடல்கள் மங்கல்சூத்திரத்தைக் கழற்றிப் பர்சில் போட்டுக்கொண்டார்கள். நான் பக்கத்துக் கட்டிலில் என் முறைக்காகக் காத்திருந்தேன். என் ஜோடிப் பெண் எல்லாக் கேள்வியையும் வரிசையாகக் கேட்டாள். கடைசிக் கேள்வியையும் கேட்டாள். என் இரண்டு காதாலும் கேட்டேன். வேலூர்க்காரி ஹிந்தியில், "ஹாங், சப் நிகாலா" என்றாள். கைக்குட்டை முடிச்சையும் தூக்கிக் காட்டினாள். உள்ளே வளையல், தோடு, மூக்குத்தி, மெட்டி.

அவள் படுத்த பிறகு, நீங்கள் காட்டிக் கொடுத்தபடியே, துண்டுக்கடியில் கையை விட்டுப் பட்டையைத் தள்ளினாள் என் ஜோடி. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். நீங்கள் அந்தப் பக்கமாக வந்து, "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்று மாடலிடம் தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனீர்கள். வேலூர்க்காரி அசையாமல் படுத்திருந்தாள்.

முடித்து எழுப்பியபோது பிடரிக்குக் கீழே சாம்பல் வெள்ளையில் ஒரு கோடு. சங்கிலியின் கண்ணி கண்ணியாகத் தெரிந்தது. தாலிச் சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுப் படுத்திருந்தாள். முன்பக்கம் கழுத்தைத் துண்டு மூடியிருந்தது. பட்டை நேராக அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

நீங்கள் ஓடிவந்து தண்ணீரை ஊற்றிக் கழுவினீர்கள். அதுவும் சரியாகத்தான் செய்தீர்கள். பிறகு என் ஜோடியைப் பார்த்து, "ஜுவல்லரி கேட்டியா?" என்றீர்கள்.

"கேட்டேன் மேடம்."

"கேட்டிருந்தா இது எப்படி வந்துச்சு? கேக்கல. ஃபெயில்."

எல்லார் முன்னாலும். அந்தப் பெண் அழவில்லை. கையிலிருந்த உருளையைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள்.

நான் வேலூர்க்காரியைக் கைகழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

"ஏம்மா, எல்லாம் கழட்டிட்டேன்னு சொன்னியே?"

"கழட்டிட்டேனேக்கா. மெட்டி கூட கழட்டிட்டேன்."

"அப்ப கழுத்துல என்ன?"

"அது தாலிக்கா."

"எனக்கும் கண்ணு தெரியுது. அதைச் சொல்லலியே?"

"அவ நகையத்தானே கேட்டா? தாலி நகையாக்கா? ஃபேஷியலுக்குப் போனா எப்பவும் பின்னால தள்ளி விட்டுக்குவேன். இது வரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"சுடலையா உனக்கு?"

"சுட்டுது. உங்க மேடமே எறும்பு கடிக்கும்னாங்க. சரி, பெரிய எறும்பு போலன்னு படுத்துட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. என் ஜோடியும் பொய் சொல்லவில்லை. கேட்டவளுக்குக் கழுத்தில் தொங்குவதெல்லாம் ஜுவல்லரி. பதில் சொன்னவளுக்குத் தாலி அந்தக் கணக்கிலேயே வராது. எங்கள் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் பதில் சொல்வார்கள். இதை அந்த மராத்திப் பெண் எப்படி அறிவாள்? அறிந்திருக்க வேண்டியவர் வகுப்பில் ஒருவர்தான். அவர்தான் அந்தக் கேள்வியை எழுதியவர்.

திரும்பி வந்து எல்லாருக்கும் ஹிந்தியில் சொன்னேன். அவள் கேட்டாள், இந்தப் பெண் தாலியை நகையாக நினைக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

பின்னாலிருந்து ஒருத்தி, "தாலி கழுத்துலயா? சாப்பாட்டுத் தட்டை மாட்டிக்கிட்டா படுப்பீங்க?" என்றாள். இன்னொருத்தி, "லிமிடெட்டா அன்லிமிடெட்டா தாயி?" என்றாள். ஹிந்தியில் தாலி என்றால் சாப்பாட்டுத் தட்டு. வகுப்பே சிரித்தது. அவர்கள் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை, தெரியாமல் சிரித்தார்கள்.

நீங்களும் சிரித்தீர்கள், மேடம். தாலி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டே சிரித்தீர்கள். ஒரு வார்த்தை நீங்கள் விளக்கியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். என் பக்கம் குனிந்து மெதுவாகத் தமிழில் சொன்னீர்கள்: "விடுங்கம்மா. எக்ஸாம்னா எக்ஸாம். தும்ச்சா நம்பர் வருது, லவ்கர் வாங்க." என் முறை வருகிறதாம், சீக்கிரம் வர வேண்டுமாம்.

பட்டையை வைக்கும்போது குனிந்து பார்த்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். பார்த்திருக்கலாம்தான். ஆனால் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. நீங்கள் சாட்டிய குற்றமும் அதுவல்ல. கேட்கவில்லை என்றீர்கள்.

வேலூர்க்காரி உங்களுக்குப் போன் செய்து, "அந்தப் பொண்ணு கேட்டுச்சு மேடம், நான்தான் புரியாம சொல்லிட்டேன்" என்றாள். சரி சரி என்று வைத்துவிட்டீர்கள். அவள் கழுத்தில் பழுப்பாக ஒரு கோடு நின்றுவிட்டது. பின்னலைப் போட்டு மறைத்துக்கொள்கிறாள்.

நான் தேறிவிட்டேன். சர்டிஃபிகேட் வாங்க வந்தபோது புது பேட்ச் ஒப்பித்துக்கொண்டிருந்தது. படியில் நின்று கேட்டேன். கடைசிக் கேள்வி மாறியிருந்தது. உடம்பில் எங்கேயாவது உலோகம் இருக்கிறதா? செயின், மங்கல்சூத்திரம், தாலி, மெட்டி, ஹேர்பின்? முடியைத் தூக்கிப் பார், பிறகு பட்டையை வை. அத்தனை மராத்தி வாய்களிலும் தாலி என்ற சொல் சாப்பாட்டுத் தட்டாக இல்லாமல், நம் வீட்டில் சொல்வது போலவே வந்தது. அந்த உச்சரிப்பை அங்கே சொல்லிக் கொடுக்க உங்களைத் தவிர ஆளில்லை.

உள்ளே வந்து கேட்டேன். "கேள்விய மாத்திட்டீங்க போல?"

"ஹாங், கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணேன்."

"அப்ப அந்தப் பொண்ணோட சர்டிஃபிகேட்?"

"அது வேற மேட்டர். அடுத்த பேட்ச்ல மறுபடி உக்காரச் சொல்லுங்க."

வேறு மேட்டர் இல்லை. கேள்வி சரியாக இருந்திருந்தால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கேள்வியில் தப்பு என்றால் கேட்டவளுக்கு எதற்கு ஃபெயில்?

மகர்பட்டா சலூன்காரர்கள் அவளை உடனே கைகழுவவில்லை. உங்களுக்குப் போன் செய்து விசாரித்திருக்கிறார்கள். ஒன்றும் கேட்காமல் ஆளைச் சுட்டுவிட்டாள் என்று நீங்கள் சொன்னதாக அவர்கள் அவளிடமே சொன்னார்கள். அவள் இப்போது ஒரு சந்துக்கடையில் புருவம் திருத்துகிறாள். அந்தச் சலூன் மறுபடி ஆள் எடுக்கப்போகிறது. அவளுக்குத் தெரிந்த மெஷின் வேலை அவள் கையிலேயே இருக்கிறது. உங்கள் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம்தான் நடுவில் நிற்கிறது.

எனக்குத் தனியாகப் போன் செய்யாதீர்கள். தமிழில் காதோடு சமாதானமும் சொல்லாதீர்கள், அவளுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பேட்சையும் புது பேட்சையும் ஒன்றாக உட்காரவைத்து, அந்தச் சலூன்காரர்களையும் கூப்பிட்டு, ஹிந்தியில், எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அவள் கேட்டாளா, இல்லையா? அந்தக் கேள்வியை ஏன் மாற்றினீர்கள்?