முட்டுக்கட்டையார் வீட்டு மீட்டர் பெட்டி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவில் அது யாருக்கும் நினைவில்லை. முட்டுக்கட்டையார் என்று கேட்டால் பால் பாக்கெட் போடுகிறவர்கூடச் சரியாக அந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓடுகிற வண்டியைக் கை காட்டி நிறுத்துவதுதான் அவர் பார்த்த உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் மாடியில் தொட்டி கட்டினால் ஆட்சேபம், மூலைக்கடைக்காரர் பலகையை ஒரு சாண் வெளியே இழுத்தால் ஆட்சேபம். மகள் காதலித்தபோதும் ஆட்சேபம்தான். அவள் கல்யாணத்தைத் தானே முடித்துக்கொண்டு வேறு ஊரில் நன்றாகவே இருந்தாள்.

ஆனால் அவருடைய ஆட்சேபங்களுக்கெல்லாம் சிகரம் என்றால் அந்த கேஸ் மீட்டர் பெட்டிதான்.

அவர் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து. இருவருக்கும் பொது. சந்து தெருவைத் தொடுகிற இடத்தில் ஒரு கேட்டு. உள்ளே நுழைந்ததும் தம்பி வீட்டுச் சமையலறைக் கதவு, சந்தின் கடைசியில் இவர் வீட்டுப் பின்கதவு. தம்பி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, விடியற்காலையில் அதைச் சந்துக்குள் முறுக்கி முறுக்கிக் கிளப்பினான். இவருக்குத் தூக்கம் போயிற்று. சொல்லிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் தெருவுக்குக் குழாயில் கேஸ் வந்தது. மீட்டர் பெட்டியை எங்கே வைக்கட்டும் என்று கம்பெனி ஆள் கேட்டபோது, இவர் சந்தின் நட்டநடுவில் தன் சுவரைக் காட்டினார். பெட்டி புடைத்துக்கொண்டு நின்றது. ஆள் போகலாம், மோட்டார் சைக்கிள் போகாது. தம்பியின் வண்டி சந்தின் கோடியில் இருந்த அவன் கொட்டகைக்குப் போக வழியில்லாமல் கேட்டருகே வெயிலில் நின்றது. அன்றைக்கு முட்டுக்கட்டையார் இரண்டு தட்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதோடு பேச்சு நின்றது. தம்பி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று அவர் சத்தியம் செய்தார். செய்தது அவர், கடைப்பிடிக்க வேண்டியிருந்தது அவர் மனைவிக்கும். அவளும் தம்பி மனைவியும் அதுவரை ஒருத்தி அரைத்ததை இன்னொருத்தி தாளித்துக்கொண்டு திரிந்தவர்கள். “அந்தப் பக்கம் தலையைக் காட்டினா பார்” என்று இவர் ஒரு தடவைதான் சொன்னார். அவள் அதற்குப் பதிலே சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வந்தாள். முன்வாசலில் செங்குத்தான படிகள், இறங்கினால் நேரே ரோடு, சரிவுப் பாதை போட இடமில்லை. யாராவது தூக்கித்தான் இறக்க வேண்டும். “மூட்டையைத் தூக்குற மாதிரி என்னைத் தூக்காதீங்க” என்று அழுதாள். இருந்த ஒரே வழி பின்கதவு, சந்து, கேட்டு. ஒருநாள் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து முட்டுக்கட்டையார் வெறும் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார். பெட்டியருகே வந்ததும் நாற்காலி சிக்கியது. சாய்த்தார், திருப்பினார், விரல் முட்டிகள் சிராய்ந்ததுதான் மிச்சம். பின்கதவிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பெட்டிய எடுங்க” என்றாள்.

வாரக்கணக்காக வேறு எதுவும் பேசவில்லை. மாத்திரை கொடுத்தால் அதுதான் பதில், தலை வாரிவிட்டால் அதுதான் பதில். பாதி நாள் சாப்பிடவும் மறுத்தாள். இப்படியே விட்டால் நாலு சுவருக்குள் இவள் வாடிப் போய்விடுவாள் என்று அவருக்குப் பட்டது. கம்பெனிக்குப் போய் மனுக் கொடுத்தார். இடம் பார்க்க ஒரு பெண் ஃபிட்டர் வந்தாள். முன்சுவரில் படிக்கு அந்தப் பக்கம் வைத்துவிடலாம் என்றாள்.

“ஆனா ரெண்டு வீட்டுக்கும் ஒரே வால்வு. அதை மூடினாத்தான் வேலை. முடிஞ்சதும் ரெண்டு வீட்டு அடுப்பும் ஒழுங்கா எரியுதான்னு பார்க்காம நான் போகக் கூடாது. தம்பி வீட்ல சொல்லிடுங்க சார்.”

“நீயே சொல்லிடும்மா.”

அவள் சொன்னாள். என்ன சொன்னாள்? உங்கள் அண்ணன் மீட்டரை இடம் மாற்றுகிறார் என்றாள். தம்பிக்கு அது போதுமானதாக இருந்தது. அண்ணன் பெட்டியை நகர்த்துகிறார் என்றால் இன்னும் மோசமான இடத்துக்குத்தான் நகர்த்துவார் என்பது அவன் கணக்கு. பழைய அனுபவம் அப்படி, அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வேலை நாளன்று பார்த்தால், கேட்டருகே தரையில் இருந்த வால்வின் இரும்பு மூடிமேல் மோட்டார் சைக்கிள் ஜம்மென்று நின்றது. பக்கத்தில் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அவர்கிட்ட சொல்லும்மா” என்றான் ஃபிட்டரிடம். “இது பொதுச் சந்து. என் வண்டி எங்க வேணா நிக்கும்.”

“அவன்கிட்ட சொல்லு” என்றார் இவர். “என் சுவர், என் மீட்டர். கேட்க இவன் யாரு?”

“யாருன்னு அவருக்கே தெரியும். என் வண்டிய வெயில்ல காயப் போட்ட மனுஷன் இப்ப எதுக்கு அடி போடறார்னு கேளு.”

“உருப்படாத பயலுக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்லைன்னு சொல்லு.”

ஃபிட்டர் ஸ்பேனரைப் பைக்குள் வீசினாள். “நான் என்ன ஸ்பீக்கரா? கை நீட்டினா இடிக்கிற தூரத்துல நின்னுக்கிட்டு என் உயிரை வாங்கறீங்க. வண்டிய எடுக்கலேன்னா நான் கிளம்பறேன். மறுபடி எப்போ வருவேன்னு எனக்கே தெரியாது.”

மனைவிக்காகத்தான் என்று இவர் வாயைத் திறந்திருந்தால் வண்டி அந்த நொடியே நகர்ந்திருக்கும். திறக்கவில்லை. தம்பி முன்னால் இறங்கிப் போவதா? பெண்டாட்டி உயிரே போனாலும் வீம்பு போகக் கூடாது என்று சிலர் இருக்கிறார்கள், இவர் அந்த ஜாதி. ஃபிட்டர் பையைத் தோளில் மாட்டினாள். அப்போதும் தம்பியை முறைத்துக்கொண்டுதான் நின்றார்.

அதற்குள் பின்கதவு திறந்தது. நல்ல கையால் ஒரு சக்கரத்தைத் தள்ளி, நல்ல காலால் தரையை உந்தி, நாற்காலி கோணலாக வந்துகொண்டிருந்தது. பெட்டியில் வந்து டமாலென்று முட்டியது. அவள் பின்னால் உருட்டி மறுபடியும் முட்டினாள். தகரம் நசுங்கியது. தம்பியின் கட்டிய கை அவிழ்ந்தது. அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள் என்று தெரியும், நாற்காலியில் இருப்பது அவனுக்குத் தெரியாது.

“தம்பி” என்றாள். நாக்கு குழறியது. “வண்டிய எடு.”

“இதோ அண்ணி.”

வண்டி போன வேகத்தில் அதன் கண்ணாடி கேட்டில் உரசியது. அவன் திரும்பி வந்து, அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணனை நேருக்கு நேர் பார்த்துப் பேசினான். “இதுக்குத்தான்னு சொல்றதுக்கு என்ன? நீங்கள்லாம் ஒரு மனுஷனா?”

முட்டுக்கட்டையார் ஃபிட்டர் பக்கம் திரும்பி, “வேலையைப் பாரும்மா” என்றார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஃபிட்டர் வால்வை மூடினாள், குழாயை அறுத்தாள், புது இடத்துக்கு இழுத்தாள், மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தாள். பழைய பெட்டி கழன்ற இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. வால்வைத் திறந்துவிட்டு இவர் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு தம்பி வீட்டுக்குள் போனாள். குழாயில் இருந்த காற்று உஸ்ஸென்று போய்ச் சுடர் வர வேண்டும்.

“எரியுதுக்கா!” என்று உள்ளேயிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது.

எரிகிறதா என்று கேட்டது ஃபிட்டர். ஆனால் அந்த ‘அக்கா’ அவளுக்கானதில்லை, வெளியே சந்தில் இருந்த ஓரகத்திக்கானது. சக்கர நாற்காலியில் இருந்தவளின் முகம் கோணிக்கொண்டு சிரித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அவளிடம் பார்த்த முதல் சிரிப்பு அது.

ஃபிட்டர் போனதும் அவர் நாற்காலியைத் தள்ளினார். சந்து தாராளமாக வழி விட்டது. கேட்டைத் தாண்டி, தெரு முனை வரைக்கும், முடிந்தால் பூங்கா வரைக்கும் என்று மனசுக்குள் திட்டம் போட்டிருந்தார். தம்பி வீட்டுச் சமையலறைக் கதவருகே வந்ததும் அவள் நல்ல காலைத் தரையில் ஊன்றினாள். நாற்காலி நின்றது.

“என்ன?”

“இங்கதான்.”

“இங்கயா? இதுக்கா அந்தப் பெட்டிய எடுக்கச் சொன்னே?”

“பின்ன?” அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துச் சொன்னாள். “அவன் வண்டி ரோட்லயும் நிக்கும். அடைபட்டது நான்.”

தம்பி மனைவி ஓடி வந்தாள். நாற்காலியைப் பார்த்து ஒரு கணம் நின்று, பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி முன்சக்கரங்களைத் தூக்கி வாசற்படி தாண்ட வைத்தான். பின்சக்கரங்களைத் தூக்கியவர் முட்டுக்கட்டையார். நாற்காலி உள்ளே போயிற்று, அவர் படிக்கு வெளியே நின்றார். அடுப்பில் ஏதோ கொதித்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் வீட்டில் நாளெல்லாம் ஒரே வாக்கியம் பேசியவள், இங்கே மூச்சு வாங்கும்வரை பேசினாள்.

அவருக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த நிமிஷம் அது எரிச்சல் இல்லை என்று தெரிந்தது. அவருக்கும் உள்ளே போக ஆசையாக இருந்தது. அந்தச் சமையலறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “ஏன் மாமா வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க.”

அவர் வலது காலைத் தூக்கினார்.

“அவர் வரமாட்டார்மா” என்றாள் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். “கூப்பிடாதே. கதவைச் சாத்து.”