குமகாய் தள்ளிவைத்த மூன்று பேர்

குமகாய் ஷூஜியைப் போல வளையத் தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஜப்பானில், செந்தாய் நகரில் எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்துச் சோதனைப் பிரிவில் அவன் புள்ளியியல் நிபுணன். பக்கத்து மேசையில் நான் நர்ஸ். கணக்குப் போடும் விதியை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும், முடிவைப் பார்த்தபின் மாற்றக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்வான். கேட்கப் பிரமாதமாக இருக்கும்.

தசைகள் மெல்லச் செத்துப்போகும் ஓர் அபூர்வ நோய். நாடு முழுக்கத் தேடியும் பதினான்கு பேர்தான் சோதனைக்குக் கிடைத்தார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் சில மாதம் மருந்து, சில மாதம் வெறும் மாவு மாத்திரை. எது எப்போது என்பது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கட்டம் முடிந்ததும் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளப்போம். குமகாய் போட்ட திட்டம். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை.

கடைசியில் அந்த ரகசியத்தைப் பிரித்துப் பார்த்தால், மருந்துக்கும் மாவுக்கும் வித்தியாசமே இல்லை.

சோதனைக்குத் தலைவரான பேராசிரியர் மினெகிஷி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "என்னப்பா குமகாய், நல்லாப் பாத்தியா? சின்னச் சோதனை. ரெண்டு மூணு பேர் மொத்தத்தையும் கெடுத்திருப்பாங்க."

"ஆமா சார். மருந்து சாப்பிட்டுப் பனிக்காலத்துல நடந்த மூணு பேர் ரொம்ப மோசம். குளிர்ல தசை விறைச்சிருக்கும்."

"அப்ப தள்ளு அவங்கள."

"தள்ளிடலாம் சார்."

அவர் போனதும் கேட்டேன். "மாவு மாத்திரை சாப்பிட்டுப் பனிக்காலத்துல நடந்தவங்களும் இருக்காங்களே, அவங்களையும் தள்ளுவியா?"

"அது வேற அக்கா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முடிவைச் சொல்ல நோயாளிகளைக் கூப்பிட்டு, தேநீரும் பயறு இனிப்பும் கொடுத்து உட்கார வைத்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்று குமகாய், ஆளுக்கொரு புள்ளியாக, வரைபடம் போட்டுக் காட்டினான். முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒரிகாசா மித்சுயோ கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"பதினாலு பேர் வந்தோம். படத்துல பதினொண்ணுதான் இருக்கு. மிச்சம் யாரு?"

"பனிக்காலத்துல மருந்து சாப்பிட்டவங்கம்மா. குளிரால அளவு சரியா வராது."

"நானும் அதுல ஒருத்தியா? ஹீட்டர் எரிஞ்சுது, கோட்டைக் கழட்டிட்டு நடந்தேன். விழப்போனேன், இந்த நர்ஸம்மாதான் புடிச்சாங்க. மருந்து கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க. நான் நடக்கவே இல்லைன்னு சொல்லாதீங்க!"

குமகாய் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டான். குனிவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நிமிர்ந்ததும் அடுத்த படத்துக்குப் போனான். மருத்துவ இதழில் ஆய்வுக் கட்டுரை அந்தப் பதினொரு பேரோடுதான் வெளிவந்தது.

மித்சுயோ விடவில்லை. ஆஸ்பத்திரி விசாரணைக் குழுவிடம் புகார் கொடுத்தாள். நானும் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெற வைத்தார்கள். மினெகிஷி பூங்கொத்தோடு ஓய்வு பெற்றார். குமகாய், "மேல சொன்னாங்க, செஞ்சேன்," என்று சொல்லிவிட்டு டோக்கியோவில் இன்னும் பெரிய வேலைக்குப் போனான். அங்கே மாநாடுகளில் நேர்மையைப் பற்றிப் பேசுகிறானாம். கைதட்டுகிறார்களாம்.

போன வசந்தத்தில் வேறொரு மருந்துக்குச் சோதனை தொடங்கினோம். மித்சுயோ சக்கர நாற்காலியில் வந்தாள். சம்மதப் படிவத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"அந்தக் குனியற ஆளு இருக்காரா?"

"இல்லம்மா, போயிட்டாரு."

"அப்ப பேனாவைக் குடுங்க," என்றாள்.