பெயர் கொடுக்காத ஞாயிறு

போன வாரம் மகள் வீட்டில் ஒரே சத்தம். அவளும் அலுவலக நண்பர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக, சூனியக்காரியாக மாறி அதை நடத்திப்போகும் விளையாட்டு. ஓர் இளைஞன் விதியில் ஓட்டை கண்டுபிடித்து ராட்சசனை ஒரே நொடியில் சாய்த்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள்.

கதை சொன்ன பெண்ணின் முகம் வாடியதை நான் பார்த்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன்.

"அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது" என்றாள் மகள்.

புரியாதா? இலங்கை மலைநாட்டில், கந்தப்பளையில் இதே விளையாட்டை ஆடியவன் நான்!

எண்பதுகளின் தொடக்கம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்று ஆசிரியர்கள் — நான், என்னைவிட இளையவனான செல்வராஜ், பிலோமினா டீச்சர். ஆங்கிலம் கற்பிக்க வந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் ஊர் திரும்பும்போது விதிப் புத்தகத்தையும் இருபது முகப் பகடையையும் எங்களிடம் விட்டுப்போனான்.

டிராகனும் கோட்டையும் எங்களுக்கு எதற்கு? கதை சொல்லும் பொறுப்பை ஏற்ற செல்வராஜ் எல்லாவற்றையும் மாற்றினான். கோட்டை தேயிலை மலையானது. டிராகன், செத்த பிறகும் தோட்டத்தை விடாத பேய்த்துரையானது. ஒரு லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் முழுவதையும் பேய்த்துரை மலையுச்சியில் அடைத்து வைத்திருந்தான். மீட்பது எங்கள் வேலை.

விதிகளையும் செல்வராஜே செய்தான். ஒன்று, பெரட்டு விதி. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்தால்தான் வேலை. கொடுக்காதவன் அன்றைக்குக் கணக்கிலேயே இல்லை. விளையாட்டிலும் அப்படித்தான் — பெயர் கொடுக்காதவன் சண்டை போட முடியாது, பேய்த்துரையும் அவனைத் தொட முடியாது. காயம்பட்டவர்கள் ஒரு நாள் படுத்து ஆறட்டும் என்று வைத்த விதி.

மாதக்கணக்கில் ஞாயிறுதோறும் மலை ஏறினோம். இதற்கிடையில், தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி செல்வராஜின் பெற்றோர் ஒரேயடியாக அங்கே போகும் நாள் நெருங்கியது. அவனும் போகிறான் என்றே நினைத்தோம். அவன் எதுவும் சொல்லவில்லை. "இந்த ஞாயித்துக்கெழம கதைய முடிச்சிருவோம் சார்" என்றான், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு பெரட்டில் என் பெயரைக் கூப்பிட்டான். நான் வாய் திறக்கவில்லை.

"என்னங்க சார், தூக்கமா?"

"நான் இன்னைக்குப் பேர் குடுக்கல. பேய்த்துரை என்னையத் தொட முடியாது. நேரா மேல போயி கதவத் தெறந்து விடுறேன்."

"அது காயம்பட்டவங்களுக்கு வச்ச விதிங்க..."

"அப்படி எழுதலயே? நீ செஞ்ச விதிதானப்பா?"

பிலோமினா டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா மாட்டிக்கிட்டீங்க செல்வராஜ் சார்!"

செல்வராஜ் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தான். "சரி... தெறந்துட்டீங்க. சனமெல்லாம் வெளிய வந்துருச்சு. இன்னும் ஒன்னு இருக்கு சார் —"

"இன்னும் என்ன இருக்கு? அதான் ஜெயிச்சாச்சே! டீய ஊத்துங்க டீச்சர்."

டீ ஆறும்வரை என் சாமர்த்தியத்தை நானே விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே பெற்றோருடன் கப்பலேறிவிட்டான். ரயில் நிலையம் வரை போய் வழியனுப்பியவர் பிலோமினா டீச்சர். சில வருடங்கள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

"மீட்ட சனம் இங்கயே இருக்கிறதா, கடல் தாண்டிப் போறதான்னு அன்னைக்கு நம்மகிட்ட கேக்க இருந்தாராம் சார். தான் போறதா வேணாமான்னு அவருக்கே முடிவு தெரியலயாம். நாம என்னா சொல்றோமோ பாக்கலாம்னு இருந்திருக்காரு."

நேரே கேட்க அவனுக்குக் கூச்சம். அதற்காக ஒரு மலையையே கட்டி, எங்களை அதன் உச்சிவரை கூட்டிவந்திருக்கிறான். மூன்று பேர் உட்கார்ந்து தங்களுக்கென்று செய்துகொள்ளும் விதியில் ஓட்டை இல்லாமல் எப்படி இருக்கும்? கூட ஆடுகிறவன் நம்மவன்தானே என்ற தைரியத்தில் விட்டுவைப்பது அது. அதற்குள் புகுந்து ஜெயித்தேன் நான்.

அன்று அவனைக் கேட்கவிட்டிருந்தால், "இங்கயே இருந்துரு, செல்வராஜ்" என்றுதான் சொல்லியிருப்பேன்.