என் மகனுக்கு இரண்டு முறை அம்மை குத்திய கதை

உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு, மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது இருபது வயது. கையில் பதினோரு மாதப் பிள்ளை. நான் நாலு மாதம் முழுகாமல் இருந்தபோதே என் கணவர் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடை வேலைக்குக் கப்பலேறிவிட்டார். மகனை அவர் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

வீடு பார்த்தாகிவிட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று ஒருநாள் கடிதம் வந்தது. அவருக்குத் தெரிந்த சமயநல்லூர்க்காரர் ஒருவர் மனைவியோடு பினாங்குக்குத் திரும்புகிறாராம். அவர்களோடு நாகப்பட்டினம் போய்க் கப்பலேற வேண்டும். அவர்களை விட்டால் வேறு துணை கிடையாது. என் கணவருக்கு அடுத்த லீவு கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். ரயிலுக்கு இருபது நாள் இருந்தது.

வீட்டில் என்னோடு இருந்தவர் என் கணவரின் அக்கா. மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், குழந்தை கிடையாது. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம், எனக்கும் குறைச்சலில்லை. ஆனால் பிள்ளை பிறந்த நாள் முதல் அவர் மடிதான் அவனுக்குத் தொட்டில். பசித்தால் மட்டும் என்னிடம் வருவான். கடிதத்தைப் படித்துக் காட்டியதும், "நல்லதுதானே, புருசன் பொஞ்சாதி ஒரே எடத்துல இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு எனக்குப் பொடி இடித்துக் கொடுப்பதற்காக மிளகாயைக் காயப்போட எழுந்து போய்விட்டார். நானும் என் சந்தோஷத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை.

அம்மை குத்திய சர்டிபிகேட் இல்லாமல் கப்பலில் ஏற முடியாது. எங்கள் பக்கத்துக்கு அம்மை குத்த வரும் பாயை வீட்டுக்கு அழைத்தோம். எனக்கும் பிள்ளைக்கும் கையில் கீறி மருந்து வைத்தார். பிள்ளை தெருவே கேட்கும்படி அழுதான். "தண்ணி படக்கூடாது, யாரும் தொடக்கூடாது. எட்டாம் நாள் வந்து பாப்பேன். கொப்புளம் எழும்பியிருந்தாத்தான் எழுதித் தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே மதினி வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். குத்து வைத்தாலும் ஆத்தா வந்த மாதிரிதான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கறி கிடையாது, தாளிப்பு கிடையாது. நாக்கு செத்துப்போய் எட்டு நாள் தாளிக்காத ரசத்தைக் குடித்தேன். ஆனால் இவ்வளவு பயபக்தியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

எட்டாம் நாள் பாய் வந்தார். என் கையில் தடித்துச் சிவந்திருந்தது. பிள்ளையின் கையில் ஒன்றுமே இல்லை. கீறின தடம்கூட மங்கிப்போயிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. கெட்டுப்போன மருந்தை வைத்து ஏமாற்றிவிட்டீர்கள், என் குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள் என்று என் அப்பா வயதுக்காரரை வாய்க்கு வந்தபடி பேசினேன். பிறகு அழுதுகொண்டே, எழும்பியதாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை.

"நான் எழுதிருவேன் தாயி. கப்பல்ல அம்மை கண்டா என் எழுத்தா பிள்ளையக் காப்பாத்தும்? வெயிலுக்கு மருந்து கெட்டிருந்தாலும் இருக்கும், தப்பு என்னுதுன்னே வச்சுக்க. ரயிலுக்கு ஒம்பது நாள் இருக்குல்ல, மறுபடி குத்திப் பாப்போம்" என்று பெட்டியைத் திறந்தார்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த மதினி முன்னால் வந்தார்.

"மருந்து மேல குத்தமில்ல பாய். நீங்க தெருத் தாண்டுறதுக்குள்ள எலுமிச்சம்பழத்தத் தேச்சு நான்தான் தொடச்சுப்புட்டேன்."

மதினி என்னைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"எழும்பலேன்னா கப்பல்ல ஏத்த மாட்டாகல்ல. இன்னும் கொஞ்ச நாள் இருப்பான்னு நெனச்சேன். அம்புட்டுதான். இவனும் போயிட்டா இந்த வீட்டுல நான் யார் மூஞ்சியப் பாக்குறது?"

பாய் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தார். பிறகு, "அக்கா, இந்தத் தடவ நீங்களே மடியில வச்சுப் பிடிங்க. உங்ககிட்டதான் பிள்ளை அடங்குவான்" என்றார்.

மதினி தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டு, அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கீறும்போது அவன் அழுததைவிட அவர்தான் அதிகம் அழுதார். அதன்பின் எட்டு நாளும் அவனைக் கீழே இறக்கவே இல்லை. கையைத் தேய்த்துக்கொள்வான் என்று உட்கார்ந்தபடியே தூங்கினார். காய்ச்சல் வந்தபோது வேப்பிலையால் வருடிக்கொண்டே இருந்தார். மறுபடியும் தாளிக்காத ரசம்தான். ஆனால் இந்த முறை நான் அலுத்துக்கொள்ளவில்லை. கோபமும் மூன்றாம் நாளே போய்விட்டது. அவர் அவனைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால் யாருக்கும் போய்விடும்.

கொப்புளம் நன்றாக எழும்பியது. ரயிலுக்கு முதல் நாள் பாய் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "போயிட்டு வா தாயி" என்று சிரித்தார்.

இரண்டு வருடத்தில் வருவதாகச் சொல்லிப் போனோம். சண்டை வந்து வழி அடைத்துவிட்டது. கடிதப் போக்குவரத்தும் நின்றுபோனது. நாங்கள் மதுரை ரயிலடியில் வந்து இறங்கியபோது என் மகனுக்குப் பத்து வயது. வீட்டு வாசலில் நின்ற மதினிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நேரே அவனிடம் போய்ச் சட்டைக் கையை மேலே தள்ளித் தழும்பைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்றார். அவன் யாரோ என்று கூச்சத்தோடு என் பின்னால் ஒதுங்கினான்.

அவர் மருந்தைத் துடைத்ததை அப்போதே, மூன்றே நாளில் மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த இருபது நாளில் ஒரு தடவைகூட "நீங்களும் வாரீகளா மதினி?" என்று கேட்கத் தோன்றாத என்னை, இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.